மோட்டார் வண்டிச் சட்டத்தில் வண்டிகளின் பெயர்களும் அவற்றின் பொருளும்

கிராமத்தில் வண்டிகளுக்கு வழங்கும் பெயர்கள் வேறு. மோட்டார் வண்டிச் சட்டம் அதே வண்டிகளுக்கு இடும் பெயர்கள் வேறு. குடியானவர் ஒருவர் தம் வண்டியை "டிராக்டர்" என்று சொல்லும்போது, பின்னால் கோத்திருக்கும் டிரெய்லரையும் அதில் ஏற்றியுள்ள நெல் மூட்டைகளையும் சேர்த்தே சொல்லுகிறார். சட்டத்தின் கண்ணுக்கு இம்மூன்றும் தனித்தனி விஷயங்கள். சாதாரண நாட்களில் இவ்வித்தியாசம் ஒருவருக்கும் புலப்படுவதில்லை. விபத்து நேர்ந்து, இறந்தவரின் குடும்பத்தார் நஷ்ட ஈடு கோரிக் கோர்ட்டுக்குச் செல்லும்போதுதான் அது வெளிப்படுகிறது. வண்டி இன்னதென்று எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது, எந்தக் காரியத்துக்கென இன்ஷூர் செய்யப்பட்டது, டிரைவரின் லைஸென்ஸில் எந்த வகை எழுதப்பட்டிருக்கிறது என்பவற்றையே கம்பெனியின் வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவார். இவை ஒன்றோடொன்று ஒவ்வாவிடில் கம்பெனி விலகிக்கொள்ளப் பார்க்கும். லட்சக்கணக்கான ரூபாய் வண்டிக்காரரின் நிலத்தின்மேல் வந்து விழும். சங்கத்தில் கடன் பெற்று வண்டி வாங்கிய அங்கத்தினர்களும், சங்கத்தின் பெயரில் டிராக்டர் வைத்து நடத்தும் பஞ்சாயத்தார்களும் இச்சொற்களின் பொருளை அறிந்திருத்தல் அவசியம்.

இத்தேசத்தில் மோட்டார் வண்டிகளுக்கென 1914-ம் வருஷத்தில் ஒரு சட்டமும், 1939-ம் வருஷத்தில் அதைவிட விரிவான மற்றொரு சட்டமும் ஏற்பட்டன. தற்சமயம் அமலில் இருப்பது 1988-ம் வருஷத்துச் சட்டம். அது 1989-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. 1994-லும் 2019-லும் பெரும் திருத்தங்களைப் பெற்றது. சொற்களின் பொருளை வரையறுப்பது அதன் 2-வது பிரிவு.

யந்திர சக்தியால் இயங்கி, ரஸ்தாவில் உபயோகிக்கத் தக்கதாக உள்ள எவ்வண்டியும் "மோட்டார் வண்டி" ஆகும். தண்டவாளத்தில் ஓடுவனவும், தொழிற்சாலை போன்ற அடைப்புக்குள் மாத்திரம் உபயோகிப்பதற்கான விசேஷ வண்டிகளும் இதில் சேரா. நான்கு சக்கரத்துக்குக் குறைந்து, 25 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத எஞ்சின் உடையனவும் சேரா. மாட்டு வண்டிக்கு இச்சட்டத்தில் வேலையில்லை என்று சொல்லவேண்டியதில்லை. ஆனால் பலரும் கவனியாத ஒரு வார்த்தை இவ்வரையறையில் இருக்கிறது. டிரெய்லரும் ஒரு மோட்டார் வண்டியே என்று சட்டம் சொல்லுகிறது. தனக்கென எஞ்சின் இல்லாத இரும்புப் பெட்டியை மோட்டார் வண்டி என்பது விநோதமாகத் தோன்றலாம். ஆயினும் அதன் பலன் விநோதமன்று. டிராக்டரைப் பதிவு செய்துவிட்டு, பட்டறையில் செய்த டிரெய்லரைப் பதியாமலும் இன்ஷூர் செய்யாமலும் ரஸ்தாவில் இழுத்துச் செல்பவர், சட்டத்தின் பிரகாரம் பதிவில்லாத மோட்டார் வண்டியை ஓட்டுகிறவரே ஆவார்.

இனி டிராக்டரைப் பார்ப்போம். "தான் இயங்குவதற்கு வேண்டிய சாதனங்களைத் தவிர வேறு பாரத்தைத் தானே சுமப்பதற்கென அமைக்கப்படாத மோட்டார் வண்டி" என்பது சட்டம் தரும் பொருளின் சாரம். ரோடு ரோலர் இதில் சேராது. ஆக, டிராக்டர் இழுக்கும், சுமக்காது. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வண்டி விதிகள் "விவசாய டிராக்டர்" என்பதைத் தனியாக வரையறுக்கின்றன. வயல் வேலைகளுக்கான கருவிகளோடும், விவசாயப் பொருள்களைக் கொண்டுசெல்லும் டிரெய்லரோடும் வேலை செய்யத்தக்க நான்கு சக்கர வண்டி அது. போக்குவரத்து வண்டி வகையில் சேராதது. உழவுக்கு உபயோகிக்கும் டிராக்டருக்குப் பர்மிட் வேண்டாதிருப்பது இதனால்தான்.

இதற்கு எதிர்ப்புறத்தில் இருப்பது "சரக்கு வண்டி". சரக்கை மாத்திரம் ஏற்றுவதற்கென அமைந்த மோட்டார் வண்டி சரக்கு வண்டி. அவ்வாறு அமையாத வண்டியும் சரக்கு ஏற்ற உபயோகிக்கப்படும்போது சரக்கு வண்டியே. பின்பாதி வாக்கியத்தில்தான் சூக்ஷ்மம் இருக்கிறது. வண்டியின் உருவம் மாறவேண்டியதில்லை. அதை உபயோகிக்கும் காரியம் மாறினால் போதும், பெயர் மாறிவிடும். சரக்கு வண்டி என்று ஆனவுடன் அது "போக்குவரத்து வண்டி" என்னும் பெரிய வகுப்புக்குள் வந்துவிடும். அவ்வகுப்புக்குத் தகுதிச் சான்றும், சட்டம் விலக்களித்த இடங்கள் நீங்கலாகப் பர்மிட்டும் வேண்டும்.

டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்தால் என்ன பெயர் என்னும் கேள்வி சுப்ரீம் கோர்ட் வரை பலமுறை சென்றிருக்கிறது. நாகஷெட்டி என்பவரின் வழக்கில் 2001-ம் வருஷத்தில் கோர்ட்டார் தீர்ப்புச் சொன்னார்கள். டிராக்டர் ஓட்டச் செல்லத்தக்க லைஸென்ஸ் உடையவர் அதில் டிரெய்லரைக் கோத்தார் என்பதனாலேயே அவருடைய லைஸென்ஸ் செல்லாததாகிவிடாது என்பது அத்தீர்ப்பு. குடியானவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டதென்று எண்ணியவர்களும் உண்டு, அது சரியன்று. 2004-ம் வருஷத்தில் சின்னம்மா என்பவரின் வழக்கு வந்தது. காய்கறி வியாபாரி ஒருவர் தம் சரக்குடன் டிராக்டரின் டிரெய்லரில் சென்றபோது விபத்தில் இறந்துபோனார். காய்கறி விளைபொருள்தானே, ஆகவே விவசாயக் காரியந்தானே என்று நமக்குத் தோன்றும். கோர்ட்டார் அதை ஒப்பவில்லை. விளைபொருளை ஏற்றுவது விவசாய உபயோகம் என்று ஊகிக்க இடமளிக்கலாம். ஆனால் வேறொருவர் தம் வியாபாரத்துக்காகச் சரக்கு ஏற்றிச்செல்ல அந்த டிராக்டரையும் டிரெய்லரையும் உபயோகிக்கலாம் என்று அதற்கு அர்த்தமாகாது என்றனர். கம்பெனியின்மேல் பொறுப்பு விழவில்லை. அடுத்த வருஷமே, கர்நாடகத்திலிருந்து வந்த நட்வர் பரீக் கம்பெனியின் வழக்கில், சரக்கு ஏற்ற உபயோகமாகும் டிராக்டர்-டிரெய்லர் சேர்க்கை சரக்கு வண்டியே என்றும், அதற்குப் பர்மிட் வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று.

மூன்று தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் நிலைமை தெளிவாகும். தம் வயலில் விளைந்த நெல்லைத் தம் டிராக்டரில் களத்துக்கும் சொஸைட்டிக் கிடங்குக்கும் கொண்டுசெல்பவர் ஒரு நிலையில் இருக்கிறார். அதே டிராக்டரில் செங்கல் சூளைக்காரருக்கு மண்ணும், கட்டடக்காரருக்கு ஜல்லியும் வாடகைக்கு அடிப்பவர் வேறு நிலையில் இருக்கிறார். முன்னவரின் பாலிசியைக் காட்டிப் பின்னவர் பணம் கோர முடியாது. சங்கத்தின் டிராக்டரை அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு விடும் பஞ்சாயத்தார்கள் இதை விசேஷமாகக் கவனிக்கவேண்டும். உழவுக்கு விடுவது ஒன்று. பாரம் ஏற்ற விடுவது மற்றொன்று. பின்னதற்கும் விடுவதாயிருந்தால் பதிவும் பாலிசியும் அதற்கேற்றவாறு இருக்கவேண்டும்.

ஆட்களை ஏற்றும் விஷயம் இன்னும் கடுமையானது. சட்டத்தில் "சரக்கு" என்னும் சொல் கால்நடைகளையும் உள்ளடக்கும். உயிருள்ள மனிதரை உள்ளடக்காது. சந்தைக்குச் செல்லும் ஆடு சரக்கு. உடன் செல்லும் ஆட்டுக்காரர் சரக்கல்லர். 1994-ம் வருஷத்துத் திருத்தத்தினால், சரக்கு வண்டியில் தம் சரக்குடன் செல்லும் சொந்தக்காரருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் இன்ஷூரன்ஸ் பாதுகாப்புக் கிடைத்தது. வழியில் கையைக் காட்டி ஏறிக்கொண்ட மற்றவர்களுக்கு அது இல்லை என்று ஆஷா ராணி என்பவரின் வழக்கில் 2002-ம் வருஷத்தில் மூன்று நீதிபதிகள் தீர்மானித்தார்கள். ஆடி மாதத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கக் குடும்பம் முழுவதும், பெண்டு பிள்ளைகளுடன், டிரெய்லரில் ஏறிச் செல்வது பல ஊர்களில் வழக்கம். அவ்வண்டி குடைசாய்ந்தால் அதில் இருந்தவர்களுக்கு எந்தக் கம்பெனியிடமிருந்தும் காசு கிடைக்குமென்று நம்பியிருக்க இடமில்லை. கம்பெனி முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று பல வழக்குகளில் கோர்ட்டுகள் உத்தரவிட்டுள்ளன. அப்பொழுதும் முடிவில் கொடுப்பவர் வண்டிக்காரரே. டிராக்டரின் மட்கார்டின்மேல் ஆள் உட்கார்ந்து செல்வதோ, அதைவிட மோசம். பெரும்பாலான டிராக்டர்களின் ஆர்.சி. புத்தகத்தில் ஆசனம் ஒன்று என்றே இருக்கும், அது டிரைவருக்குரியது.

லைஸென்ஸ் விஷயத்தில் முக்கியமான சொல் "இலகு மோட்டார் வண்டி". இதற்கு எல்லை 7,500 கிலோகிராம். ஆனால் எந்த எடையைப் பார்ப்பது? மோட்டார் கார், டிராக்டர், ரோடு ரோலர் ஆகியவற்றுக்கு வெற்று எடை. அதாவது டிரைவரும் பாரமும் இல்லாத வண்டியின் எடை. போக்குவரத்து வண்டிக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் மொத்த எடை. அதாவது வண்டியும் ஏற்றக்கூடிய பாரமும் சேர்ந்து பதிவதிகாரி அனுமதித்த எடை. அன்றைக்கு உண்மையில் எவ்வளவு ஏற்றியிருந்தது என்பதன்று; புத்தகத்தில் எழுதியிருப்பதே கணக்கு. கிராமங்களில் குட்டியானை என்று அழைக்கப்படும் சிறு சரக்கு வண்டி இவ்வெல்லைக்குள் தாராளமாக அடங்கும். மொத்த எடை 3,000 கிலோகிராமுக்கு மேற்படாத சரக்கு வண்டிகளுக்குப் பர்மிட் வேண்டியதில்லை என்பது 66-வது பிரிவு. ஆனால் தகுதிச் சான்றும் இன்ஷூரன்ஸும் அவற்றுக்கும் உண்டு.

இலகு வண்டி லைஸென்ஸ் வைத்திருப்பவர் சரக்கு ஏற்றும் சிறு வண்டியை ஓட்டலாமா, அதற்கு லைஸென்ஸில் தனி அனுமதி வேண்டுமா என்பது நெடுங்காலச் சச்சரவு. இதைக் காரணமாகக் காட்டிக் கம்பெனிகள் மறுத்த நஷ்ட ஈடுகள் பல. 2017-ம் வருஷத்தில் முகுந்த் தேவாங்கன் வழக்கில் மூன்று நீதிபதிகள், தனி அனுமதி வேண்டாம் என்றார்கள். மீண்டும் கேள்வி எழுப்பப்பட்டு, 2024-ம் வருஷம் நவம்பர் 6-ந் தேதி ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன பெஞ்சு அதையே உறுதி செய்தது. மொத்த எடை 7,500 கிலோகிராமுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டியை இலகு வண்டி லைஸென்ஸுடன் ஓட்டலாம். எடை அதற்கு மேற்பட்டால் அந்த லைஸென்ஸ் போதாது. லைஸென்ஸே இல்லாத வாலிபனிடம் சாவியைக் கொடுக்கும் தகப்பனாருக்கு இத்தீர்ப்பு எவ்விதத்திலும் உதவாது. 2019-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் காப்பாளருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். அவ்வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்தாகும்.

கடைசியாக "உரிமையாளர்" என்னும் சொல். யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். தவணைக் கொள்முதலிலோ ஈட்டுக் கடனிலோ உள்ள வண்டிக்கு, அவ்வொப்பந்தத்தின்படி வண்டியைக் கைவசம் வைத்திருப்பவர் உரிமையாளர். ஆகையால் சங்கம் கடன் கொடுத்ததனால் மாத்திரம் விபத்துக்குப் பொறுப்பாளியாகாது. கடன் பெற்று வண்டியை நடத்தும் அங்கத்தினரே பொறுப்பாளி. வண்டியை விற்றுப் பணம் வாங்கிவிட்டோம், இனி நமக்கென்ன என்று இருப்பவர்கள் 2018-ம் வருஷத்து நவீன் குமார் வழக்கை அறியவேண்டும். வண்டி பல கைகள் மாறியிருந்தும், புத்தகத்தில் பெயர் மாறாதிருந்ததால், பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. விற்றவர் மாகாணத்துக்குள்ளேயே விற்றிருந்தால் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும், பதிவதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 50-வது பிரிவு. விற்பனைச் சீட்டு எழுதும் அன்றே இரு திறத்தாரும் வட்டாரப் போக்குவரத்து ஆபீசுக்கு வேண்டிய பாரங்களிலும் கையொப்பம் வைத்துக்கொள்வது நல்லது. பிறகு ஆளைத் தேடுவது கஷ்டம். சங்கத்தில் வண்டிக் கடன் பாக்கி இருந்தால், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள ஈட்டுக் குறிப்பை நீக்காமல் பெயர் மாற்ற முடியாதாகையால், விற்பதற்கு முன்பே காரியதரிசியைக் கண்டு பேசவேண்டும்.