வாய்ச்சொல்லும் வாடகைச்சொல்லும்

கல்யாண விருந்துக்குப் பண்டாரி தேடும்போது நம்மில் யாராவது விளம்பரத்தைப் பார்த்திருக்கிறோமா? போன மாதம் விருந்து வைத்த வீட்டில்தான் கேட்கிறோம். "அவரையே வையுங்கள்" என்று சொல்பவருக்கு அதில் காசு இல்லை. சோறு குழைந்துவிட்டால் மறுநாள் நம் முகத்தில் எப்படி விழிப்பார்? வாய்ச்சொல்லுக்கு மதிப்பு வந்தது இதனால்தான்.

இன்று வியாபாரிகள் அந்த மதிப்பை வாடகைக்கு எடுக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் ஒருவர், "நானே பயன்படுத்துகிறேன், அருமை" என்கிறார். தினமும் அவரைப் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு அவர் பக்கத்து வீட்டு அக்கா மாதிரி. பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் 'விளம்பரம்' என்று காட்ட வேண்டும் என இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-இல் விதி வகுத்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்குப் பரிந்துரை செய்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனாலும் 'ஸ்பான்சர்டு' என்ற சொல் பொடி எழுத்தில் ஒரு மூலையில் கிடந்தால் யார் கவனிக்கிறார்கள்? பிள்ளைகளுக்கு அதைத் தேடிப் பார்க்கப் பழக்குங்கள்.

வாட்ஸ்அப்பில் முதலில் சொன்னவர் யாரென்றே தெரியாது. இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்த செய்தி. 2020 முதல் அத்தகைய செய்தியை ஒரு தடவையில் ஒரே ஒருவருக்கோ ஒரே குழுவுக்கோதான் அனுப்ப முடியும்.

வீட்டிலிருந்தே தையல், ஊறுகாய் என்று விற்கும் சகோதரிகளுக்கு ஒரு யோசனை. ஸ்டேட்டஸில் வெறும் புகழ்ச்சி வேண்டாம். வாங்கியவர் சம்மதித்தால் அவர் பெயரைப் போடுங்கள். வேண்டியவர்கள் அவரிடமே விசாரித்துக்கொள்ளட்டும்.