சிரிக்காத முகமும் மகிழும் மனமும்

"பேத்தி பிறந்த செய்தியைச் சொன்னேன். அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. எங்கள்மீது இருந்த பாசமே போய்விட்டது போலிருக்கிறது." பார்க்கின்சன் நோயாளிகளின் குடும்பத்தினர் இவ்வாறு வருந்துவதை நரம்பியல் பிரிவில் நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். அருகில் அமர்ந்திருக்கும் நோயாளி அதனை முழுவதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

பிறரது முகத்தைப் பார்த்தே அவர் உள்ளத்தை அறிய நாம் குழந்தைப் பருவம் முதல் பழகியுள்ளோம். இந்நோயில் அப்பழக்கம் நம்மை ஏமாற்றிவிடுகிறது. மூளையில் டோபமினைச் சுரக்கும் நரம்புச் செல்கள் நலியும்போது நடை தளர்வதைப் போலவே முகத்தசைகளின் இயக்கமும் சுருங்குகிறது. கண் இமைப்பது குறைகிறது. குரலும் ஏற்ற இறக்கமின்றித் தணிகிறது. மருத்துவர்கள் இதனை 'முகமூடி முகம்' என்பர். முகத்தில் தோன்றாத மகிழ்ச்சி உள்ளத்தில் இல்லை என்பது இதன் பொருளன்று.

தானாக மலரும் சிரிப்பும் வேண்டுமென்றே வரவழைக்கும் சிரிப்பும் மூளையில் ஒரே வழியாகப் பிறப்பவை அல்ல. தானாக வருவதையே இந்நோய் பெரிதும் தாக்குகிறது. எனவே, புகைப்படத்திற்குச் சிரிக்கச் சொன்னால் சிரிப்பவர், பேரக்குழந்தையின் குறும்பைக் கண்டு சிரிக்காதிருக்கலாம். அதனை அலட்சியம் என்றோ நடிப்பு என்றோ கொள்ள வேண்டா.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நோயாளிகளுள் சிலருக்குப் பிறர் முகக்குறிப்பை உணர்வதும் கடினமாகிறது. உங்கள் வாட்டத்தை அவர் தாமே கண்டுகொள்வார் என்று காத்திருந்தால் மனத்தாங்கலே மிஞ்சும். "இன்று எனக்குக் களைப்பாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவரிடமும் "மகிழ்ச்சியா?" என்று கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருங்கள். மருந்து நன்கு வேலை செய்யும் நேரத்தில் பலருக்கு முகமும் பேச்சும் சற்று இளகும். முக்கியமான செய்திகளை அப்போது பேசலாம்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. இந்நோயாளிகளிடம் மனச்சோர்வு பரவலாகக் காணப்படுகிறது. அசையாத முகம் அதனை மறைத்துவிடும். சோர்வே இல்லாதவரைச் சோர்ந்தவராகக் காட்டவும் செய்யும். ஆகவே முகத்தை விட்டு உறக்கம், பசி, முன்பு விரும்பியவற்றில் இப்போதுள்ள நாட்டம் ஆகியவற்றைக் கவனியுங்கள். இவற்றில் மாற்றம் கண்டால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

நாங்களும் சில வேளைகளில் நோயாளியை விடுத்து உடன் வந்தவரிடமே பேசிவிடுகிறோம். அடுத்த முறை அவ்வாறு நேர்ந்தால், "அவரிடமே கேளுங்கள்" என்று எங்களைத் தயங்காமல் நிறுத்துங்கள்.