செல்லின் மடையைத் திறக்கும் புகையிலை



செல்லைச் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது என்று அறிவியல் பாடத்தில் படித்தோம். அது வெறும் உறை இல்லை. அதில் புரதத்தால் ஆன நுண்ணிய வழிகள் உண்டு. இவை கால்வாய்ப் புரதங்கள். நம்ம குளத்து மடை மாதிரின்னு வச்சுக்கோங்க. மடை திறந்தால் வயலுக்குத் தண்ணீர் போகும். இது திறந்தால் சோடியம், கால்சியம் போன்ற அயனிகள் செல்லுக்குள் போகும்.

செல்லுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே கால்சியம் சுமார் 10,000 மடங்கு அதிகம். அதனால் மடை கொஞ்சம் திறந்தாலே போதும், செல்லுக்கு ஒரு சேதி போய்விடும்.

இதில் ஒரு மடையின் பெயர் நிகோட்டினிக் அசிட்டைல்கோலின் ஏற்பி. 5 புரதத் துண்டுகள் வட்டமாக நிற்க, நடுவில் துளை இருக்கும். நம் உடம்பில் உண்டாகும் அசிட்டைல்கோலின் வந்து இதைத் திறக்கும். நம்ம கை கால் அசைவதே இதனால்தான். ஆனால் புகையிலையில் உள்ள நிகோட்டினும் இதைத் திறந்துவிடும். நுரையீரல் செல்களிலும் இந்த மடை உண்டு.

புற்றுநோய் எப்படி வருகிறது?

புகையிலையைப் பதப்படுத்தும்போது நிகோட்டினிலிருந்து என்.என்.கே. என்ற நச்சுப்பொருள் உண்டாகிறது. இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் அறிவித்திருக்கிறது. இது 2 வேலை செய்கிறது.

1. டி.என்.ஏ.வைக் கெடுக்கிறது.
2. அதே மடையைத் திறந்து, "பெருகு, சாகாதே" என்று செல்லுக்குச் சேதி அனுப்புகிறது.

டி.என்.ஏ. கெட்டுப்போன செல் தானாகவே செத்துவிட வேண்டும். அதுதான் உடம்பின் காவல். அது சாகாமல் பெருகினால் கட்டியாகிவிடும்.

நாம் என்ன செய்யலாம்?

தென்காசிப் பக்கம் பல வீடுகளில் அடுப்பு எரிவதே பீடி சுத்துற கூலியில்தான். அந்தத் தொழிலைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. பீடி குடிப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். ஆனா சுத்துறவங்களுக்கும் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நிகோட்டின் உள்ளே போகும். அதனால்:

* சுளகை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிடக் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவணும்.
* தூளைப் படுக்கிற அறையிலும் சமைக்கிற இடத்திலும் வைக்கக் கூடாது.
* காற்றோட்டமான திண்ணையில் உட்கார்ந்து சுத்தலாம்.
* சின்னப் பிள்ளைகளைத் தூள் பக்கம் விடக் கூடாது.

பீடியை விட நினைக்கும் அப்பா, தாத்தாவுக்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணைச் சொல்லுங்கள். மடை நம் உடம்புக்குச் சொந்தம். அதைப் புகையிலை திறக்க விடலாமா?

– 9-ஆம் வகுப்பு மாணவி