தட்டில் ஒரு சதுப்பு நிலம்

விலங்குகள் செடிகளை உண்டு வாழ்தலை நாம் நாள்தோறும் காண்கிறோம். செடியும் உயிரினத்தைப் பிடித்து உண்ணும் என்றால் கேட்போர் நகைப்பர். ஆயினும் அத்தகைய செடிகள் உலகிற் பல உள. அவற்றுள் ஒன்று அழுகண்ணி. உள்ளங்கையில் அடங்கும் இச்சிறு பூண்டின் இலைகளில் செந்நிற மயிர்கள் நிறைந்திருக்கும். ஒவ்வொரு மயிரின் நுனியிலும் பசைத்துளி ஒன்று பனித்துளிபோல் ஒளிரும். கண்ணீர் ததும்பும் தோற்றந்தான். வந்தமரும் சிற்றீ அப்பசையில் ஒட்டிக்கொள்கிறது. சுற்றியுள்ள மயிர்கள் வளைந்து அதனை மூடுகின்றன. பின்னர், சுரக்கும் செரிமான நீர் பூச்சியின் மென்பகுதிகளைக் கரைக்க, இலை அச்சாற்றை உறிஞ்சுகிறது.

இக்கொடுமை எதற்கு? சதுப்பு நிலத்தில் நீருக்குக் குறைவில்லை. நைட்ரஜன் உப்புகளோ மிகக் குறைவு. பச்சையம் உடைமையால் அழுகண்ணி தனக்கு வேண்டிய மாவுப்பொருளைத் தானே ஆக்கிக்கொள்ளும். மண்ணிற் கிடைக்காத நைட்ரஜனுக்காகவே அது பூச்சியை நாடுகிறது.

இவ்வாறு சொல்லுதல் எளிது, மெய்ப்பித்தல் எளிதன்று. பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றிச் சார்லஸ் டார்வின் 1875-ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் வெளியிட்டார். இலை ஊனைச் செரிக்கிறது என்பதை அந்நூல் நன்கு காட்டிற்று. ஆனால், அதனாற் செடிக்கு நன்மை உண்டா என்று சிலர் வினவினர். பூச்சியின்றியும் அது வளர்கிறதே என்பது அவர்கள் வாதம்.

அதற்கு விடை கண்டவர் அவர் மகன் பிரான்சிஸ் டார்வின். 1877-இல் அவர் ஏறத்தாழ 200 அழுகண்ணிச் செடிகளைப் பெயர்த்து, பாசி நிரப்பிய 6 சூப்புத் தட்டுகளில் நட்டார். ஒவ்வொரு தட்டையும் மரத்தடுப்பால் இரு பாதியாக்கினார். பூச்சி புகாதவாறு வலைத்துணியால் மூடினார். ஒரு பாதியின் இலைகளில் வறுத்த இறைச்சியின் மிகச் சிறு துணுக்குகளை வைத்தார். மறுபாதியைப் பட்டினி போட்டார். தட்டு ஒன்று, பாசி ஒன்று, நீரும் ஒன்று. வேறுபாடு உணவில் மட்டுமே. இதனினும் நேரிய சோதனையை எண்ணிப் பார்த்தல் அரிது! முடிவு யாது? செடிகளின் தொகை இரு பாதியிலும் ஏறக்குறைய ஒன்றே. பூந்தண்டுகளோ, பட்டினிப் பாதியில் 100 எனின், ஊட்டிய பாதியில் 165. விதைகளின் தொகை 100-க்கு 240-க்கு மேல். அவற்றின் எடை 100-க்கு ஏறத்தாழ 380. உண்ட ஊனைச் செடி தன் மக்களுக்கே பெரிதும் செலவிட்டது.

அத்தகைய சதுப்பு ஒன்றை நாமும் சாளரத்தருகே அமைக்கலாம். மண்தொட்டியினின்று உப்புக் கசியும். ஆதலால் அடியில் துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியே நன்று. மக்கிய ஸ்பாக்னம் பாசி இரண்டு பங்கும் நன்கு கழுவிய ஆற்றுமணல் ஒரு பங்கும் கலந்து அதில் நிரப்புக. கடல்மணல் ஆகாது. தொட்டியைத் தட்டில் வைத்து, தட்டில் எப்போதும் விரற்கிடை நீர் நிற்கச் செய்க. மழைநீரே ஏற்றது, உப்புக் கரைந்த கிணற்று நீர் செடியை நாளடைவில் மாய்த்துவிடும். வெயில் வேண்டும். எரு வேண்டா. அன்பு மிகுதியால் எருவிட்டு இச்செடியைக் கொல்வோர் பலர். விதை துகள்போல் நுண்ணியது. அதனைப் புதைக்காமல் மேலே தூவுதல் வேண்டும். மலைச்சாரலில் தானே வளரும் செடிகளைப் பிடுங்கி வருதல் தகாது. விதையிலிருந்து வளர்ப்பதே முறை.

ஊட்ட விரும்பினால் ஓரிலைக்கு ஒரு கொசு போதும். பெரிய துண்டை இட்டால், செரிக்குமுன் அதுவும் அழுகும், இலையும் அழுகும்.