பண்டிகைக்கு ஒரு புதுச் சரக்கு: பெப்பர்மின்ட் பிஸ்கட்



பெப்பர்மின்ட் நமக்குப் புதிதல்ல. கண்ணாடிப் பாட்டிலில் வெள்ளை மிட்டாயாக வைத்து விற்ற சரக்குத்தான். மேல்நாடுகளில் அதே வாசனையை மாவில் சேர்த்துக் கிறிஸ்துமஸுக்குப் பிஸ்கட்டாகச் சுடுகிறார்கள். புளியறை, செங்கோட்டை, தென்காசி வட்டாரத்துச் சிறு வணிகர் இதைச் செய்து விற்றால் கையில் காசு நிற்குமா? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முன்னோடி

மலைக்கு அப்பால் கேரளத்தில் இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. தலச்சேரியில் மம்பள்ளி பாபு 1880-ல் பிஸ்கட் தொழிற்சாலை தொடங்கினார். 1883-ல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி, இங்கிலாந்து கிறிஸ்துமஸ் கேக் ஒன்றைக் கொடுத்து, அதேபோல் செய்யச் சொன்னார். பாபு உள்ளூரில் கிடைத்த பொருள்களைக் கொண்டு செய்து காட்டினார். பிரவுன் ருசி பார்த்த பிறகு மேலும் ஒரு டஜன் கேட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. முதலில் மாதிரி, பிறகு ஆர்டர், அதன் பிறகே உற்பத்தி. இந்த வரிசையை மறக்கக் கூடாது.

நம் ஊர் வாடிக்கையாளர்

கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் புளியறை வழியாக ஆரியங்காவுக்குப் போகிறார்கள். கிறிஸ்துமஸும் அதே காலத்தில் வருகிறது. விரதம் இருப்பவர் முட்டை தொடமாட்டார். ஆகவே முட்டை சேர்க்காமல் செய்தால் இரு தரப்பாரும் வாங்குவர். முட்டை சேர்ந்தால் சட்டப்படி அது அசைவம். பச்சைப் புள்ளி போட முடியாது.

செய்முறை

மைதா 1 கிலோ, வெண்ணெய் 600 கிராம், பொடித்த சீனி 450 கிராம், பேக்கிங் பவுடர் 10 கிராம், உப்பு ஒரு சிட்டிகை.

வெண்ணெயையும் சீனியையும் வெளுக்கும் வரை குழைத்து, எசன்ஸ் சேர்த்து, சலித்த மாவைக் கலக்கவும். இறுக்கமாக இருந்தால் சிறிது பால் தெளிக்கலாம். 25 கிராம் உருண்டைகளாக்கித் தட்டினால் சுமார் 80 பிஸ்கட் வரும். 170 டிகிரி சூட்டில் 12 முதல் 15 நிமிடம் போதும்.

பெப்பர்மின்ட் எசன்ஸ் வேறு, எண்ணெய் வேறு. எண்ணெய் பல மடங்கு காரமானது. அதைச் சொட்டுக் கணக்கில்தான் விட வேண்டும். உணவுக்கு உரியது என்று சீட்டில் இருப்பதையே வாங்கவும். எசன்ஸ் அரை டீஸ்பூனில் தொடங்கிச் சுட்டு ருசி பார்த்துக் கூட்டவும். மேலே தூவும் மிட்டாய்த் தூளை அடுப்பில் வைத்தால் உருகிவிடும். பிஸ்கட்டை இறக்கியதும் சூட்டோடு தூவி அழுத்தவும்.

இருப்பு வைக்கும் முறை

வடகிழக்குப் பருவமழை ஈரத்தில் பிஸ்கட் சீக்கிரம் நமத்துவிடும். நன்றாக ஆறிய பிறகே காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கவும். பெப்பர்மின்ட் வாசனை பக்கத்துச் சரக்கில் ஏறும். சோப்பு, ஊதுபத்தி பக்கத்தில் தேயிலையை வைக்காதது போல, இதையும் தேயிலை, ரவை, மற்றப் பிஸ்கட் வகைகளோடு சேர்த்து வைக்கக் கூடாது.

கணக்கு

உதாரணத்துக்கு ஒரு டப்பாவின் அடக்கம் 80 ரூபாய், விற்பனை விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 டப்பா போட்டால் முதல் 4,000 ரூபாய். 40 டப்பா விற்றால் வரவும் 4,000 ரூபாய்தான். மீதிப் பத்து டப்பா தேங்கினால் உழைப்பு வீண். இலாபம் முழுவதும் கடைசிப் பத்து டப்பாவில்தான் இருக்கிறது. டிசம்பர் 25-க்குப் பிறகு இதைத் தேடி வருவோர் குறைவு. எனவே நவம்பரிலேயே ஒரு கிலோ மாவில் மாதிரி சுட்டு, எத்தனை நாள் மொறுமொறுப்பு நிற்கிறது என்று பாருங்கள். வாடிக்கையாளருக்கு ருசி காட்டுங்கள். டிசம்பர் 15-க்குள் முன்பணத்துடன் ஆர்டர் எடுங்கள். ஆர்டருக்கு மேல் பத்தில் ஒரு பங்கு மட்டும் கூடுதலாகப் போடுங்கள். அடக்கத்தில் உடைசல், எரிபொருள், டப்பா, கூலி ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும்.

சட்டம்

விற்பனைக்குச் சுடுபவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு அல்லது உரிமம் பெற வேண்டும். டப்பாவில் சேர்மானம், நிகர எடை, தயாரித்த நாள், பயன்படுத்தும் கெடு, விலை, முகவரி, பதிவு எண் ஆகியன இருக்க வேண்டும். பிஸ்கட்டுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் எல்லை தாண்டி ஆரியங்காவுக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் முன் தம் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளவும். அத்திட்டத்தில் வெளிமாநில விற்பனைக்கு இடமில்லை.

முதல் ஆண்டில் சிறிதாகச் செய்து, டப்பா மீதமில்லாமல் விற்றுக் காட்டுங்கள். மறு ஆண்டு ஆர்டர் தானே தேடி வரும்.