வண்டி நம்பர் தெரியாவிட்டாலும் வழக்கு உண்டு

கேள்வி: நாங்கள் பெங்களூர் அல்சூரில் குடியிருக்கிறோம். என் கணவர் ஏ.சி. மெக்கானிக். பன்னிரண்டு நாளைக்கு முன் ராத்திரி வேலை முடிந்து, பழைய மெட்ராஸ் ரோட்டில் டின் ஃபேக்டரி பக்கம் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த ஒரு கூட்ஸ் வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. கால் எலும்பு முறிந்து ராடு வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டபோது, போலீஸ் விவகாரம் வேண்டாமென்று பயந்து, என் கொழுந்தன் "வண்டி வழுக்கி விழுந்துவிட்டார்" என்று சொல்லிவிட்டான். இதுவரை போலீசில் புகார் கொடுக்கவில்லை. நம்பர் இல்லாமல் கேஸ் நிற்காது என்கிறார்கள். ஒரு புரோக்கர் வந்து, "வேறொரு வண்டி நம்பர் நான் ஏற்பாடு செய்கிறேன், வரும் பணத்தில் பாதி கொடுங்கள்" என்கிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: சகோதரி, முதலில் அந்தப் புரோக்கரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சம்பந்தமே இல்லாத வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும் இந்த வேலை இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குப் பழகிப்போன ஒன்று. அதைக் கண்டுபிடிக்கவே ஆள் வைத்திருக்கிறார்கள். பிடிபட்டால் நஷ்டஈட்டு மனு தள்ளுபடியாகும். பொய் வழக்குப் போட்டதாக, கால் ஒடிந்து படுத்திருக்கும் உங்கள் கணவர் மீதே குற்ற வழக்கு வரும். உண்மையில் இடித்தவனை நாளை போலீஸ் பிடித்தாலும் அவன் மீது உரிமை கேட்க முடியாமல் போகும். உங்களுக்கு நடந்தது நிஜமான விபத்து. அதைப் பொய்யாக்கிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கொழுந்தன் சொன்ன அந்த ஒரு வரியைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். விபத்து வழக்குகளில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் புரட்டுவது எஃப்.ஐ.ஆரை அல்ல, ஆஸ்பத்திரியின் முதல் சீட்டைத்தான். "தானாக விழுந்தார்" என்று அதில் இருந்தால், "பிறகுதான் வண்டியைச் சேர்த்திருக்கிறார்கள்" என்று வாதாடுவார். அதற்காக அந்தச் சீட்டைத் திருத்தச் சொல்லி யாரையும் கெஞ்சாதீர்கள். அடித்துத் திருத்திய சீட்டு, திருத்தாததைவிட ஆபத்து. தகவல் சொன்னவர் விபத்தை நேரில் பார்க்காத தம்பி, பதற்றத்தில் தவறாகச் சொல்லிவிட்டார், நடந்தது இது என்று உங்கள் கணவர் கையெழுத்துடன் ஆஸ்பத்திரி கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். எம்.எல்.சி., அதாவது போலீசுக்குத் தகவல் தரும் பதிவு, போடும்படி அதிலேயே கேளுங்கள். கடிதத்தின் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சைப் பதிவேட்டின் நகல்களையும் எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தரவேண்டும் என்பது மருத்துவ ஒழுங்குமுறை விதி.

அடுத்தது போலீஸ் புகார். இதை இன்றே செய்யவேண்டும். பெங்களூரில் விபத்து வழக்குகளை டிராஃபிக் போலீஸ் ஸ்டேஷனிலேயே பதிவு செய்வார்கள். எல்லை எங்களுடையது இல்லை என்று சொன்னாலும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ம் பிரிவுப்படி எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கியே ஆகவேண்டும். நம்பர் தெரியாது என்றால் "அடையாளம் தெரியாத வாகனம்" என்று எழுதுவார்கள். அது முழுமையான எஃப்.ஐ.ஆர்.தான். பன்னிரண்டு நாள் தாமதத்தை மறைக்காதீர்கள். ஆபரேஷன், ஆஸ்பத்திரி அலைச்சல், தம்பி சொன்ன தவறான தகவல் எல்லாவற்றையும் புகாரிலேயே எழுதிவிடுங்கள். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நஷ்டஈட்டை மறுக்கக்கூடாது என்று ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் தாமதத்துக்கு நம்பும்படியான காரணம் இருக்கவேண்டும். புகாரைக் கன்னடத்தில் எழுதினால், வாசித்துக் காட்டச் சொல்லி, புரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

கேமரா பதிவுக்காக ஓட உங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. கர்நாடகப் பொதுப் பாதுகாப்புச் சட்டம், 2017-ன்படி கூட்டம் கூடும் வணிக நிறுவனங்கள் பதிவை 30 நாள் வைத்திருக்கவேண்டும். சின்னக் கடைகளில் அதற்கு முன்பே பழைய பதிவு மேல் புதியது ஏறிவிடும். டின் ஃபேக்டரியைச் சுற்றியுள்ள பெட்ரோல் பங்க், பெரிய கடைகள், பென்னிகானஹள்ளி மெட்ரோ ஸ்டேஷன் என்று ஒவ்வோர் இடத்துக்கும் "இந்தத் தேதி, இந்த நேரப் பதிவை அழிக்காதீர்கள்" என்று எழுத்தில் கொடுத்து, அந்தப் பட்டியலைப் புலனாய்வு அதிகாரியிடமும் கொடுங்கள்.

ஸ்கூட்டர் எங்கே இருக்கிறது? மெக்கானிக்கிடம் விட்டிருந்தால் இப்போதே போன் செய்து கைவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவவும் கூடாது. பின் மட்கார்டு எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது, நம்பர் பிளேட் எப்படி வளைந்திருக்கிறது, இடித்த வண்டியின் பெயிண்ட் ஒட்டியிருக்கிறதா என்று மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் பார்த்து அறிக்கை எழுதவேண்டும். வழுக்கி விழுந்த வண்டிக்குப் பக்கவாட்டில்தான் தேய்மானம் இருக்கும். பின்னாலிருந்து இடிபட்ட வண்டியைப் பார்த்தாலே தெரியும். கொழுந்தன் சொன்ன வார்த்தையை முறியடிக்கும் சாட்சி அந்த மட்கார்டுதான்.

இனி பணம். வண்டி கிடைக்காவிட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 161-ம் பிரிவின் கீழ் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தில், படுகாயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம். எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் படுகாயம்தான். காயச் சான்றிதழில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மனுவை வாங்கி விசாரிப்பது தாசில்தார் நிலையிலுள்ள வருவாய்த்துறை அதிகாரி. அவர் ஒரு மாதத்தில் அறிக்கை அனுப்பவேண்டும். மாவட்ட நிர்வாகம் 15 நாளில் உத்தரவு போட, பணம் வங்கிக் கணக்குக்கு வரும். ராடு வைத்த செலவுக்கே இந்த 50 ஆயிரம் காணாது. இது போதாத தொகை என்றே நான் கருதுகிறேன். அதையாவது வாங்குகிறார்களா என்றால் அதுவும் இல்லை. 2022-ல் நாட்டில் இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. 2022-23 நிதியாண்டில் நஷ்டஈடு கேட்டு வந்த மனுக்கள் 205. கோவை எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் இதைக் கவனித்து ஓர் உத்தரவு போட்டது. ஒரு மாதத்தில் வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், இப்படி ஒரு திட்டம் இருப்பதைப் போலீசே பாதிக்கப்பட்டவருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். அந்தக் கடிதம் வராவிட்டால் ஸ்டேஷனில் கேட்டு வாங்குங்கள், உங்கள் உரிமை அது.

வண்டி கிடைத்துவிட்டால் நிலைமையே வேறு. ஸ்மால் காசஸ் கோர்ட்டில் உள்ள விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் 166-ம் பிரிவில் மனு போட்டு, சிகிச்சைச் செலவு, வருமான இழப்பு, ஊனம் எல்லாவற்றுக்கும் கேட்கலாம். 161-ல் வாங்கிய பணத்தை அப்போது கழித்துக்கொள்வார்கள். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போடவேண்டும் என்பது சட்டம். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. கெடு தாண்டியதைக் காட்டி மனுக்களைத் தள்ளவேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இருந்தாலும் அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

கணவருக்கு ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா? வேலைக்குப் போகவர நேரும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், பணிக்கால விபத்தாகவே கருதப்படும். அங்கேயும் உடனே தெரிவியுங்கள்.

கேள்வி: ஹோசூர் ரோட்டில், எனக்கு முன்னால் போன பைக்கை ஒரு கார் இடித்துவிட்டு ஓடியது. அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்துவிட்டேன். என் கார் கேமராவில் அந்த நம்பர் பதிவாகியிருக்கிறது. கொடுத்தால் கோர்ட்டுக்கு இழுப்பார்களோ என்று பயம்.
- ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு உங்களைப் போன்றவர்களுக்காகவே வந்தது. பெயர், முகவரி சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. நீங்களாக விரும்பிச் சாட்சி சொல்ல முன்வந்தால், உங்கள் வீடு, அலுவலகம் என்று உங்களுக்கு வசதியான இடத்தில் விசாரிக்கவேண்டும் என்பது விதி. முதல் கேள்வி கேட்ட சகோதரியின் கணவருக்கு இப்படி ஒரு பதிவு கிடைத்திருந்தால், 50 ஆயிரத்தோடு நின்றுபோகும் அந்தக் குடும்பத்துக்கு முழு நஷ்டஈடு கேட்கும் வழி திறந்திருக்கும். கேமராவின் மெமரி கார்டு நிறைந்து பதிவு அழிவதற்குள் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒரிஜினல் கார்டையும் அழிக்காமல் பத்திரப்படுத்தி, அடிபட்டவரைச் சேர்த்த ஆஸ்பத்திரி மூலமாகவாவது அந்த நம்பரை அவர் குடும்பத்துக்கு இன்றே கொடுத்துவிடுங்கள்.