விளக்கில் எண்ணெய் குறையும்போது
ஹாரர் கேம்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பல வருடங்களாகத் துப்பாக்கிச் சண்டை கேம்கள் ஆடுகிறேன். எத்தனையோ ஜாம்பிகளைச் சுட்டுத் தள்ளியிருக்கிறேன். நண்பர் சொன்னாரே என்று ‘அம்னீசியா: தி டார்க் டிசென்ட்’ தொடங்கினேன். வெகுநேரம் என்னை எதுவுமே தாக்கவில்லை. ஆனாலும் உள்ளங்கை வியர்த்து கேமை மூடிவிட்டேன். எதுவும் வராத இடத்தில் எதற்கு இவ்வளவு பயம்? (திருச்சி வாசகர்)

பதில்: கையில் துப்பாக்கி இல்லை. முதல் காரணம் அதுதான். யோசித்து எடுத்த முடிவு அது.

அம்னீசியாவை உருவாக்கிய ஃபிரிக்‌ஷனல் கேம்ஸ், ஸ்வீடனின் ஹெல்சிங்போர்க் நகரத்தில் தொடங்கப்பட்ட சிறிய நிறுவனம். 2007-இல் வந்த அவர்களுடைய ‘பெனும்ப்ரா: ஓவர்ச்சர்’ கேமில் ஆடுபவருக்குச் சுத்தியலும் பிக்காசும் கிடைக்கும். நாய் பாய்ந்து வந்தால் பிக்காசை ஓங்கி வீசலாம். அப்படி வீச முடிந்தவுடன் பயம் போய், குறி தப்பாமல் அடிப்பது எப்படி என்ற கவலை வந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு வந்த ‘பெனும்ப்ரா: பிளாக் பிளேக்’கில் ஆயுதங்களை எடுத்தே விட்டார்கள். 2010 செப்டம்பரில் வெளியான அம்னீசியா அந்த வழியிலேயே இன்னும் தூரம் போனது. ஓடலாம், ஒளியலாம், கதவைச் சாத்தலாம். அதற்கு மேல் எதுவும் கிடையாது.

கதை 1839-இல், பிரஷ்யாவின் பிரென்னன்பர்க் கோட்டையில் நடக்கிறது. டேனியல் என்ற இளைஞன் கல்தரையில் கண்விழிக்கிறான். பெயரைத் தவிர அவனுக்குப் பெரிதாக எதுவும் நினைவில்லை. சற்று நேரத்தில் ஒரு கடிதம் கிடைக்கிறது, எழுதியவன் அவனேதான். நினைவுகளைத் தானே விரும்பி அழித்துக்கொண்டதாக அதில் இருக்கிறது. ஒருவன் எதை மறக்க இவ்வளவு பாடுபட்டிருப்பான் என்ற கேள்வி அந்த நொடியிலேயே விழுந்துவிடுகிறது. அதன் பிறகு காலி அறைகூடக் காலியாகத் தெரிவதில்லை.

இந்த கேமின் கதவுகளைக் கவனித்துப் பாருங்கள். மற்ற கேம்களில் ஒரு பட்டனை அழுத்தினால் கதவு திறந்துகொள்ளும். இங்கே மவுஸ் பட்டனை அழுத்திப் பிடித்தபடி, கையை உங்கள் பக்கமாக இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் ஒரு விரல் இடைவெளியில் எட்டிப் பார்க்கலாம். பின்னால் காலடிச் சத்தம் கேட்கும்போது இதே கதவு வேறு மாதிரி ஆகிவிடும். இழுக்க வேண்டியதைத் தள்ளுவீர்கள், உள்ளே போய்த் திரும்பிச் சாத்துவதற்குள் மவுஸ் மேசை விளிம்பை எட்டிவிடும். திரையில் தடுமாறுவது டேனியலின் கை மட்டுமில்லை, உங்கள் கையும்தான். ஒரு கதவை வைத்து இவ்வளவு செய்ய முடிந்ததே என்பதுதான் இந்த கேமின் மேல் மதிப்பு கூடுவதற்கு முதல் காரணம்.

அடுத்தது வெளிச்சம். மெழுகுவத்திகளைப் பற்றவைக்கத் தீப்பெட்டி மாதிரியான சிறு பெட்டிகள் அங்கங்கே கிடைக்கும். கையில் எண்ணெய் விளக்கு ஒன்று உண்டு. எண்ணெய் குறைந்துகொண்டே வரும். இருட்டில் நின்றால் டேனியலின் மனநிலை குலையும்: திரை அலைபாயும், பற்களை நறநறவென்று கடிக்கும் சத்தம் கேட்கும், பூச்சிகள் கண்முன்னே ஊரும். வெளிச்சத்தில் நின்றாலோ அங்கே உலவும் உருவங்களின் கண்ணில் பட்டுவிடுவீர்கள். அந்த உருவங்களை நேராகப் பார்த்தாலும் மனநிலை குலையும். அதனால் தலையைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி மூலையில் ஒண்டிக்கொள்ள வேண்டியதாகிறது. துரத்துவது எப்படி இருக்கும் என்று சரியாகப் பார்க்காமலேயே பலர் பாதி கேமைக் கடந்திருப்பார்கள்.

மனநிலை முற்றிலும் குலைந்தால் டேனியல் செத்துப்போவான் என்று நினைப்பீர்கள். சாதாரண ஆட்டத்தில் சாகமாட்டான். கீழே சரிந்து தவழ்ந்து, கொஞ்ச நேரத்தில் எழுந்துகொள்வான். கேம் மிரட்டுகிற அளவுக்குத் தண்டிப்பதில்லை. ஆனால் அது தெரியாதவரை ஆடுபவர் ஒவ்வொரு சொட்டு எண்ணெயையும் எண்ணிக்கொண்டுதான் நடப்பார்.

இதன் உச்சம், தண்ணீர் தேங்கிய நிலவறைப் பகுதி. அங்கே இருக்கும் ஜந்துவுக்கு உருவமே இல்லை. தண்ணீரில் சளக், சளக் என்று அடிவைக்கும் சத்தமும் தெறிக்கும் நீரும் மட்டும்தான். மரப்பெட்டிகள் மேல் தாவித் தாவிப் போக வேண்டும். கிடைக்கும் மாமிசத் துண்டைத் தூரத்தில் எறிந்து அது அந்தப் பக்கம் போகும் இடைவெளியில் இறங்கி ஓட வேண்டும். ஹாரர் கேம்களில் மிகச் சிறந்த காட்சிகள் என்று பட்டியல் போட்டால் இதற்கு இடம் தராமல் இருக்க முடியாது. காட்சியில் உருவமே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயம். பிடிபட்டுச் செத்து மறுபடி வந்தால், பல இடங்களில் அந்த உருவம் முன்பு நின்ற இடத்தில் இருக்காது. ஒரே இடத்தில் ஐந்து முறை செத்தால் ஆறாவது முறை பயம் இருக்காது, எரிச்சல்தான் இருக்கும். ஃபிரிக்‌ஷனல் நிறுவனர்களில் ஒருவரான தாமஸ் கிரிப் வடிவமைப்பு பற்றி எழுதும்போது வலியுறுத்துகிற விஷயம் இது. தொடக்கத்திலேயே கேம் உங்களிடம் கேட்டுக்கொள்வதும் அதையொட்டித்தான்: ஜெயிக்க ஆடாதீர்கள், அந்த உலகத்துக்குள் போய்விடுங்கள் என்று. துப்பாக்கி கேம் ஆடிப் பழகியவர்கள் அந்த வரிகளைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். மறுபடி தொடங்குங்கள். பிரைட்னஸைக் கூட்டாதீர்கள். ஒரு இரவுக்கு அரை மணி நேரம் போதும்.

கேள்வி: இந்த ஹாரர் கேம்களையெல்லாம் யூடியூபில் பார்த்தாலே போதாதா? (விருதுநகர் வாசகர்)

பதில்: ரசிக்கலாம், தப்பில்லை. பியூடிபை என்ற ஸ்வீடன்காரர் யூடியூபில் பெயர் வாங்கியதே அம்னீசியா ஆடிக் கத்தியதில்தான். ஆனால் வீடியோவில் அடுத்த அறைக்குள் போக முடிவெடுப்பவர் வேறொருவர். அந்த முடிவு உங்கள் கையில் இருக்கும்போது கேம் முழுக்க வேறு அனுபவம்.

கேள்வி: ‘ஏலியன்: ஐசொலேஷன்’ ஆடுகிறேன். எங்கே ஒளிந்தாலும் அந்த ஏலியன் பக்கத்திலேயே சுற்றுகிறது. நான் இருக்கும் இடம் அதற்கு முன்கூட்டியே தெரியுமா? தெரிந்தால் அது ஏமாற்று வேலை இல்லையா? (கோவை வாசகர்)

பதில்: பாதி சரி. கேமுக்குத் தெரியும், ஏலியனுக்குத் தெரியாது.

2014 அக்டோபரில் வெளியான இந்த கேமை இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி உருவாக்கியது. ‘டோட்டல் வார்’ போர் கேம்களுக்குப் பேர்போன நிறுவனம் அது. அவர்கள் ஏலியனுக்கு இரண்டு மூளை வைத்தார்கள். முதலாவது இயக்குநர் மாதிரி மேலிருந்து பார்ப்பது. நீங்கள் எங்கே, ஏலியன் எங்கே என்பது அதற்கு எப்போதும் தெரியும். இரண்டாவது ஏலியனின் சொந்த மூளை. தான் பார்த்ததும் கேட்டதும் மட்டுமே அதற்குத் தெரியும். இயக்குநர் மூளை அவ்வப்போது, இந்தப் பக்கமாகப் போய்ப் பார் என்று ஒரு குறிப்பைத் தரும். எந்த அலமாரிக்குள் இருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லாது. தேடிக் கண்டுபிடிப்பது ஏலியனின் வேலை. அதனால்தான் அது பக்கத்திலேயே வந்தும், சில சமயம் உங்கள் அலமாரியைத் தாண்டிப் போய்விடுகிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஏலியன் எவ்வளவு நேரமாக உங்களை நெருக்குகிறது என்பதை கேம் அளந்துகொண்டே இருக்கும். நெருக்கடி ஓர் அளவைத் தாண்டினால், இயக்குநர் மூளை அதைக் கூரைக்கு மேலே இருக்கும் காற்றுக் குழாய்களுக்குள் திருப்பி அனுப்பிவிடும். உங்களுக்கு மூச்சு விட அவகாசம் தருவதற்காகத்தான். எல்லா நேரமும் பயந்துகொண்டே இருந்தால் மனது மரத்துப்போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. போகப்போக ஏலியனின் புதுப் புது நடத்தைகளும் ஒவ்வொன்றாகத் திறக்கப்படும். அது கற்றுக்கொள்கிறது என்று ஆடுபவர்களுக்குத் தோன்றுவது அதனால்தான்.

உங்களுக்குக் கிடைக்கும் மோஷன் டிராக்கர் கருவியை நம்பியே இருக்காதீர்கள். அசைவதை மட்டும்தான் அது காட்டும். அது எழுப்பும் பீப் சத்தம், பக்கத்தில் இருக்கும் ஏலியனுக்கும் கேட்கும். சுவரில் இருக்கும் அவசரத் தொலைபேசியில் அட்டையைச் செருகித்தான் கேமைச் சேவ் செய்ய முடியும். அதிலுள்ள விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்வரை காத்திருக்க வேண்டும். அந்தச் சில நொடிகளில் முதுகுக்குப் பின்னால் ஏலியன் வந்து கொன்றுவிட்டால், முந்தைய சேவிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். வேறு கேம்களில் பாதுகாப்பான ஒரே நிமிடம் சேவ் செய்யும் நிமிடம். அதையும் இவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். எக்ஸ்பாக்ஸின் கினெக்ட் அல்லது பிஎஸ்4 கேமரா இருந்தால், உங்கள் அறையில் நீங்கள் எழுப்பும் சத்தத்தையே ஏலியன் கேட்கும்படி செட்டிங்ஸில் வைத்துக்கொள்ளலாம். முதல் முறை ஆடுபவர்களுக்கு அது வேண்டாம்.

ஏமாற்று வேலையா என்று கேட்டிருந்தீர்கள். ஏமாற்றாமல் இருக்க மிகுந்த பாடுபட்ட கேம் இது. அந்த உழைப்புக்காகவே ஒருமுறை முழுதாக ஆட வேண்டியது.

கேள்வி: இப்படிப்பட்ட கேம்களை ஆடினால் இருபது நிமிடத்தில் தலைசுற்றி வாந்தி வருகிறது. பயத்தினாலா? (ஈரோடு வாசகர்)

பதில்: இல்லை. நடக்கிறோம் என்று கண் சொல்கிறது. உட்கார்ந்திருக்கிறோம் என்று உள்காது சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வருகிற குமட்டல் அது. செட்டிங்ஸில் ‘ஃபீல்ட் ஆஃப் வியூ’ என்பதைக் கூட்டிப் பாருங்கள். நடக்கும்போது தலை ஆடுவதைக் காட்டும் ‘ஹெட் பாபிங்’, காட்சியை மங்கலாக்கும் ‘மோஷன் பிளர்’ இரண்டையும் அணைத்துவிடுங்கள். திரையிலிருந்து தள்ளி உட்காருங்கள். அறையில் ஒரு சிறிய விளக்கு எரியட்டும். குமட்டல் தொடங்கியதும் உடனே நிறுத்துங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் இன்னும் மோசமாகும்.

கேள்வி: எங்கள் மகனுக்கு 11 வயது. என் போனில் ‘கிரானி’ ஆடுகிறான். இரவில் பாத்ரூம் போகக்கூடத் துணைக்குக் கூப்பிடுகிறான். கேமை அழித்தால் அழுகிறான். என்ன செய்வது? (சேலம், ஒரு தாய்)

பதில்: அம்மா, உங்கள் மகன் மட்டுமில்லை. 2017-இல் வந்த கிரானி, போனில் இலவசமாகக் கிடைப்பதால் பள்ளிப் பிள்ளைகளிடையே வெகுவாகப் பரவிய கேம். பூட்டிய வீட்டுக்குள் அடைபட்ட ஒருவர் ஐந்து நாட்களுக்குள் தப்பிக்க வேண்டும். கையில் இருப்பது கீழே விழுந்தாலும் தரைப்பலகை கிறீச்சிட்டாலும் கிரானி என்ற கிழவி சத்தம் கேட்டு வந்துவிடுவாள். கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் ஒளிய வேண்டும். கட்டில், அலமாரி, இருட்டு நடைவழி எல்லாம் உங்கள் வீட்டிலும் இருப்பவைதான். அதனால்தான் போனை அணைத்த பிறகும் பயம் அவனோடு எழுந்து வருகிறது.

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பணம் கட்டி உள்ளே போகும் ஒரு பேய் வீட்டில் 110 பேரின் இதயத் துடிப்பை அளந்து 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பயம் மிகக் குறைவாக இருந்தாலும் மகிழ்ச்சி குறைவு, மிக அதிகமாக இருந்தாலும் குறைவு. நடுவில்தான் அது உச்சத்தில் இருந்தது. உங்கள் மகன் அந்த நடுப்பகுதியைத் தாண்டிப் போயிருக்கிறான். தாண்டிய பிறகும் விட முடியாமல் ஆடுவது பிள்ளைகளிடம் சகஜம். தப்பித்துவிட்டால் பயம் தீர்ந்துவிடும் என்று நம்பி மறுபடி மறுபடி உள்ளே போகிறார்கள்.

அவனைக் கேலி செய்யாதீர்கள், பயந்தாங்கொள்ளி என்ற சொல் வீட்டில் யார் வாயிலும் வரக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், பக்கத்தில் உட்கார்ந்து அவனை ஆடிக் காட்டச் சொல்லுங்கள். சத்தத்தை முழுக்க அணைத்துவிடுங்கள். இந்த கேம்களின் பாதிப் பயம் காதில்தான் இருக்கிறது. சத்தம் இல்லாத கிரானி பாதி பலம் இழந்துவிடுவாள். கிழவி எந்தச் சத்தத்துக்கு வருகிறாள், எப்போது வரமாட்டாள் என்று அவனே உங்களுக்கு விளக்கட்டும். விளக்கத் தொடங்கியவுடன் அவள் அவனுக்கு விதிகளால் ஆன ஒரு பொம்மையாகத் தெரியத் தொடங்குவாள். இருட்டிய பிறகு ஆடுவதில்லை என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். இதற்குப் பிறகும் சில வாரங்கள் தூக்கம் கெட்டால், கேமை எடுத்துவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் பேசுவதில் தயங்க வேண்டாம். மேலே சொன்ன ஏலியன், அம்னீசியா எல்லாம் பெரியவர்களுக்கானவை. அவற்றை அவன் பக்கம் விடாதீர்கள்.

கேள்வி: ‘பி.டி.’ கேமை எங்கே டவுன்லோடு செய்யலாம்? (சென்னை வாசகர்)

பதில்: நேர்மையான வழி எதுவும் இல்லை. கேம் வடிவமைப்பாளர் ஹிடியோ கோஜிமா, திரைப்பட இயக்குநர் கியர்மோ டெல் டோரோவுடன் சேர்ந்து செய்யவிருந்த ‘சைலன்ட் ஹில்ஸ்’ கேமுக்கு முன்னோட்டமாக 2014 ஆகஸ்டில் பிஎஸ்4-இல் வந்தது அது. ஒரே வளைந்த நடைவழியைத் திரும்பத் திரும்பச் சுற்றுவதுதான் முழு கேமும். ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். பெரிய கேம் கைவிடப்பட்டது. 2015 ஏப்ரல் இறுதியில் பி.டி.யும் கடையிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு நடைவழியை வைத்து இவ்வளவு செய்த கேம், அழிந்துபோன திரைப்படச் சுருள் மாதிரி ஆகிவிட்டது பெரிய இழப்புதான்.

கேள்வி: கதை வேண்டும், ஆனால் துரத்தல் என் இதயத்துக்குத் தாங்காது. ஏதாவது வழி உண்டா? (மதுரை வாசகி)

பதில்: ‘சோமா’ ஆடுங்கள். இதுவும் ஃபிரிக்‌ஷனல் உருவாக்கியதே, 2015-இல் வந்தது. டொரண்டோவில் மூளை ஸ்கேன் எடுத்துக்கொள்ள நாற்காலியில் உட்காரும் சைமன் என்பவன், கண்ணைத் திறக்கும்போது அட்லாண்டிக் கடலுக்கடியில், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு தள்ளி இருக்கிறான். அங்கே உலவும் உருவங்களிடமிருந்து தப்பிக்க வேண்டியிருந்ததால் பலர் பாதியில் விட்டார்கள். அவை தாக்காதபடி ரசிகர் ஒருவர் ஒரு மாற்றத்தைச் செய்து வெளியிட்டார். 2017 டிசம்பரில் நிறுவனமே ‘சேஃப் மோட்’ என்று அதை அதிகாரபூர்வமாகச் சேர்த்தது. புதிதாகத் தொடங்கும்போது அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். உருவங்கள் அங்கேயே இருக்கும், அருகிலும் வரும், உங்களைக் கொல்லாது. சைமன் யார் என்பதைப் பற்றி இந்த கேம் கேட்கும் கேள்விகளில் ஒன்றுகூட அதனால் குறையாது. இதய நோய்க்கு மருந்து எடுப்பவராக இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.